தனியாக இருக்கும் சொல்தா வீட்டு அம்மாவுக்கு எது துணை? புதுச்சேரியின் பிரெஞ்சு முதியோருக்கு முன்னிருக்கும் வழிகள்

வைசியாள் வீதிக்கு அடுத்த சந்தில் ஒரு பெரியம்மா தனியாக இருக்கிறார். வயது 84. கணவர் ஒரு சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படைவீரர். சார்ஜன்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. பிள்ளைகள் மூன்று பேரும் பிரான்ஸில். போன பொங்கலுக்கு மறுநாள் அவரைப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். காபி கொடுத்து முடித்ததும் மேஜை இழுப்பறையைத் திறந்து, ரப்பர் போட்ட ஒரு கட்டுக் கடிதங்களை எடுத்து என் மடியில் வைத்தார். பதினொரு உறைகள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

"பார்வை மங்கிடுச்சு, எழுத்து தெரியல கண்ணு. யாராவது வந்தா படிக்கச் சொல்லலாம்னு வச்சிருந்தேன். யாரும் வரல."

நான்காவது உறையில் 'உயிருடன் இருக்கிறீர்களா' என்று சான்று கேட்டு வந்த கடிதம். ஏழாவதில் நினைவூட்டல். ஒன்பதாவதில், சான்று வராததால் பென்ஷன் நிறுத்தி வைக்கப்பட்டது என்ற தகவல். மூன்று மாதமாக அந்த அம்மா தெருமுனைக் கடையில் கணக்கு எழுதச் சொல்லிக் காலம் தள்ளியிருக்கிறார். பிள்ளைகளிடம் சொல்லவில்லை. "அவங்களுக்கு அங்க ஆயிரம் கவலை" என்றார்.

கடிதங்களைப் படித்துச் சொல்ல முக்கால் மணி நேரம் ஆனது. நான் அங்கிருந்து கிளம்ப மூன்று மணி நேரம் ஆனது. ஏனென்றால் படித்து முடித்ததும் அவர் பிரெஞ்சுக்கு மாறிவிட்டார். அவர் பிறந்தது வியட்நாமின் சைகோனில். அப்பாவுக்கு அங்கே சுங்க இலாகாவில் வேலை. வீட்டிலும் பள்ளியிலும் பிரெஞ்சு. கணவரோடு கொஞ்சியதும் சண்டை போட்டதும் அந்த மொழியில்தான். தமிழ் நன்றாகவே பேசுவார், பேரம் பேசுவார், அக்கம்பக்கத்தாரோடு குறையில்லாமல் பழகுவார். ஆனால் காசை எண்ணுவதும் ஜெபமாலை உருட்டுவதும் பிரெஞ்சில். "அவர் போனதுலேர்ந்து இந்த வீட்ல ரேடியோதான் பிரெஞ்சு பேசுது" என்று அவர் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

அதற்குப் பிறகுதான் நாங்கள் எட்டுப் பேர் உட்கார்ந்து பேசினோம். எங்களில் ஓய்வு பெற்ற பிரெஞ்சு ஆசிரியர்கள் இருக்கிறார்கள், சொல்தா வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள், பூசைக்கு வந்து பழகியவர்கள் இருக்கிறார்கள். தெரிந்த வீடுகளை எழுதினால் 31 வந்தது. வெளிநாட்டுப் பிள்ளைகள் சிலர் கொஞ்சம் பணமும் தருவதாகச் சொன்னார்கள். நேரத்தையும் பணத்தையும் எதில் போடுவது என்பதுதான் கேள்வி. அந்த யோசனையில் தேறியதை எழுதுகிறேன். புதுச்சேரியில் அம்மாவையோ அப்பாவையோ விட்டுவிட்டுப் பாரிஸிலும் லியோனிலும் இருக்கிறவர்களுக்கும், இங்கே பக்கத்து வீட்டில் இப்படி ஒருவர் இருக்கிறவர்களுக்கும் இது உதவலாம்.

இரண்டு நாட்டுக்கும் நடுவில்

வெளியூர்க்காரர்களுக்காக இரண்டு வரி வரலாறு. 1954 நவம்பர் 1-ஆம் தேதி புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் நான்கும் இந்தியாவின் நிர்வாகத்துக்கு வந்தன. 1956-இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பிரான்ஸ் அதற்கு ஒப்புதல் கொடுத்து அது நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16-இல். அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் கேட்டுக்கொண்டவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகவே நீடிக்கலாம் என்று ஒப்பந்தம் இடம் கொடுத்தது. அப்படிக் கேட்டவர்களில் பிரெஞ்சுப் படையிலும் அரசு வேலையிலும் இருந்த குடும்பங்கள் நிறைய. ஊர்த் தமிழில் சொல்தா என்பது இந்தப் படைவீரர்களைத்தான். இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் வேலை பார்த்துவிட்டு, பென்ஷனோடு ஊருக்கு வந்து வீடு கட்டியவர்கள் அவர்கள். அந்தத் தலைமுறை மறைந்துகொண்டு வருகிறது. மிஞ்சியிருப்பவர்களில் பெரும்பாலோர் அவர்களின் மனைவிமார். பிள்ளைகள் இங்குள்ள பிரெஞ்சுப் பள்ளியான லிசேயில் படித்து, பாக் என்கிற பள்ளி இறுதிப் பரீட்சை முடித்ததும் பிரான்ஸுக்குப் போய்விடுகிறார்கள். போன பிள்ளை திரும்பி வருவது அபூர்வம்.

இவர்களுக்குப் பென்ஷன் இருக்கிறதே, என்ன குறை என்று ஊரில் பலர் நினைக்கிறார்கள். பென்ஷன் இல்லாதவர்களும் இருக்கிறார்கள், மிகச் சிறிய விதவைப் பென்ஷனோடு இருப்பவர்களும் இருக்கிறார்கள். இவர்கள் எந்தச் சட்டத்தின் நிழலிலும் முழுதாக வருவதில்லை. பெற்றோர், மூத்த குடிமக்கள் நலனுக்காக இந்தியா கொண்டுவந்த 2007-ஆம் ஆண்டுச் சட்டம், மூத்த குடிமகன் என்பவர் 60 வயது நிறைந்த இந்தியக் குடிமகன் என்றே வரையறுக்கிறது. பிரான்ஸில் வருமானம் குறைந்த முதியவர்களுக்கு அரசு தரும் ஆதரவுத்தொகை பிரான்ஸில் வசிப்பவர்களுக்கு மட்டும்தான். 2023 செப்டம்பரிலிருந்து வருடத்தில் ஒன்பது மாதத்துக்கு மேல் அங்கே இருந்தாக வேண்டும் என்று அதையும் இறுக்கிவிட்டார்கள். ஆக, இந்தியாவுக்கு அவர் வெளிநாட்டவர், பிரான்ஸுக்கு அவர் வெளியூரில் இருப்பவர். இதை மனதில் வைத்துக்கொண்டுதான் வழிகளைப் பார்க்க வேண்டும்.

பணமும் காகிதமும்

எங்கள் கூட்டத்தில் முதலில் வந்த யோசனை, எல்லோரையும் கான்சலேட், அதாவது பிரெஞ்சுத் துணைத் தூதரகம், தரும் உதவிக்கு விண்ணப்பிக்க வைப்போம், அதோடு பிரச்சினை பாதி தீரும் என்பது. அதில் நியாயம் உண்டு. 65 வயது நிறைந்து, வருமானம் ஒரு வரம்புக்குக் கீழே இருக்கும் பிரெஞ்சுக் குடிமக்களுக்குக் கான்சலேட் வழியாக ஒரு ஒற்றுமை உதவித்தொகை உண்டு. அந்த வரம்பை ஊருக்கு ஊர் விலைவாசியைப் பார்த்து வைக்கிறார்கள். வெளிநாட்டில் வாழும் பிரெஞ்சுக்காரர்களின் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். விண்ணப்பத்தை ஒரு குழு பார்த்து முடிவு செய்யும். சட்டப்படி கட்டாயம் கிடைத்தே தீரும் உரிமை அல்ல இது, ஒதுக்கப்பட்ட பணத்துக்குள் தரப்படும் உதவி. கணவர் போர்வீரர் அட்டை வைத்திருந்தவர் என்றால், போர்வீரர்களுக்கான பிரெஞ்சு தேசிய அலுவலகத்தில் அவர் மனைவியும் உதவி கேட்கலாம். இது பல அம்மாக்களுக்குத் தெரியவே தெரியாது.

இன்னொன்று உயிர்ச் சான்று. வெளிநாட்டில் இருந்து பிரெஞ்சுப் பென்ஷன் வாங்குபவர் வருடத்துக்கு ஒருமுறை உயிருடன் இருப்பதை நிரூபிக்க வேண்டும். முன்பு ஒவ்வொரு பென்ஷன் நிதியத்துக்கும் தனித்தனியாக அனுப்பியதை, 2019-இலிருந்து பெரும்பாலும் ஒரே சான்றாக இணையத்தில் ஏற்றினால் போதும் என்று ஆக்கிவிட்டார்கள். செல்பேசியில் முகத்தைக் காட்டி முடிக்கும் செயலியும் வந்துவிட்டது. பிள்ளைகளுக்கு இது வரம். 84 வயது அம்மாவுக்கு? கடவுச்சொல் எந்த மகனிடம் இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. மின்னஞ்சல் முகவரி மருமகளுடையது. முன்பு காகிதம் வந்தால் கையெழுத்துப் போடுவதற்காகவாவது வெளியே கிளம்பினார். இப்போது அதுவும் இல்லை.

இந்த வழியின் பலம் தெளிவானது. செலவு ஏறக்குறைய இல்லை, பலன் மாதா மாதம் வரும். பலவீனமும் தெளிவானது. ஒருமுறை படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு வந்தால் அடுத்த வருடம் மறுபடி அதே இழுப்பறை, அதே ரப்பர். காகித வேலையை ஒரு 'முகாம்' போட்டு முடித்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். முகாமுக்கு நடந்து வரக்கூடியவருக்கு முகாம் தேவையே இல்லை என்று இன்னொருவர் சொன்னார். இரண்டாமவர் சொன்னதுதான் சரி.

மாதம் ஒரு கூட்டம்

எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது. அதனால்தான் இதை எதிர்த்து எழுதக் கஷ்டமாக இருக்கிறது.

கூடுவதற்கு இந்தச் சமூகத்துக்கு நாட்கள் உண்டு. ஜூலை 13 இரவு விளக்கு ஊர்வலம், மறுநாள் பிரான்ஸின் தேசிய நாளில் கடற்கரைச் சாலையில் போர் நினைவுச் சின்னத்துக்கு முன்னால் மரியாதை. முதல் உலகப் போர் முடிந்த நாளான நவம்பர் 11. கப்ஸ் கோயில் என்கிற தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமை பிரெஞ்சுப் பூசை. பதக்கங்களைக் குத்திக்கொண்டு வெயிலில் நிற்கும் பெரியவர்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அன்றைக்கு அவர்கள் முதுகு நிமிர்ந்திருக்கும். இதை மாதா மாதம் செய்தால் என்ன என்று ஒரு மதியச் சாப்பாடு வைத்தோம். ரம்மில் ஊறிய பழம் போட்டு விவிக்கம் கேக் செய்தார்கள். சைகோன் வீட்டு அம்மா ஒருவர் வியட்நாம் பலகாரமான நெம் பொரித்துக் கொண்டுவந்தார். பாட்டு, அழுகை, பழைய கதை எல்லாம் நடந்தது.

அழைத்தது 31 வீடுகளை. வந்தது 12 பேர். அந்தப் பன்னிரண்டில் பத்துப் பேர் ஏற்கெனவே ஞாயிறு பூசைக்கு வருகிறவர்கள், மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள், ஜூலை 14-க்குத் தவறாமல் நிற்கிறவர்கள். யாருக்காக வைத்தோமோ அவர்கள் வீட்டில்தான் இருந்தார்கள். காரணம் கேட்டுப் போனோம். ஒருவருக்கு மாடிப்படி. ஒருவருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கழிவறையை விட்டு விலக முடியாது. இன்னொருவர், "நல்ல சேலை எதுவும் இப்ப எனக்குச் சரியா இல்லம்மா" என்றார். கண்ணியமாக வாழ்ந்தவர்களுக்கு இளைத்துப்போன உடம்போடு நாலு பேர் முன்னால் வந்து நிற்பது எளிதல்ல. செலவுக் கணக்கும் ஒன்று காட்டியது. சாப்பாட்டுக்கு ஆனதைவிட ஆட்டோவுக்கு ஆனது அதிகம்.

காரைக்கால்காரர்களுக்கு இது இன்னும் எட்டாத ஒன்று. புதுச்சேரியிலிருந்து 130 கிலோமீட்டருக்கு மேல். மாகே கேரளக் கரையில், ஏனாம் ஆந்திரத்தில். அங்கெல்லாம் தனியாக இருக்கும் ஒரு பிரெஞ்சு அம்மாவுக்கு, புஸ்ஸி வீதியில் சொல்தாக்களுக்கென்று ஒரு கட்டடம் இருப்பதால் என்ன பயன்?

கூட்டம் வேண்டாம் என்று சொல்லவில்லை. வருடத்தில் மூன்று நாலு தடவை, ஆட்டோ அனுப்பி, கையைப் பிடித்து அழைத்து வந்து வைக்கலாம். ஏற்கெனவே யாரோ ஒருவர் வீட்டுக்குப் போய்ப் பழகியிருந்தால் அவரும் வருவார். பழக்கம் முதலில், கூட்டம் பிறகு.

போன்

போனுக்குச் செலவில்லை. காரைக்காலுக்கும் மாகேக்கும் போகும். நடக்க முடியாதவரையும் எட்டும். பிரெஞ்சு பேச ஆளில்லை என்ற குறையை அரை மணி நேரமாவது போக்கும். நல்ல பிரெஞ்சு பேசும் பிள்ளை ஒருவர் வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், ஒரே நேரத்தில் கூப்பிட்டால், அந்த நேரத்துக்கு அவர்கள் காத்திருக்கிறார்கள் என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். குரல் மாறக் கூடாது. இந்த வாரம் ஒருவர், அடுத்த வாரம் வேறொருவர் என்றால் அது விசாரணை போல ஆகிவிடுகிறது.

பிரான்ஸில் இருக்கும் பிள்ளைகளும் போன்தான் செய்கிறார்கள். இங்கே இரவு ஒன்பது மணி என்றால் பாரிஸில் குளிர்காலத்தில் மாலை நாலரை, கோடையில் ஐந்தரை. அவர்கள் வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது அம்மா படுத்துவிடுகிறார். ஆகவே ஞாயிற்றுக்கிழமை ஒரு வீடியோ அழைப்பு. பேரப்பிள்ளைகள் வரிசையாக வந்து கையசைக்கிறார்கள். கண்புரை விழுந்த கண்ணுக்கு அது நிழலாட்டம்.

போனுக்கு ஒரு பெரிய குறை உண்டு. அது கேட்டதைத்தான் சொல்லும். எங்களில் ஒருவர் இரண்டு மாதம் வாரா வாரம் ஒரு தாத்தாவிடம் பேசிக்கொண்டிருந்தார். "சாப்பிட்டீங்களா?" "ஆச்சு." ஒருநாள் அந்தப் பக்கம் வேலையாகப் போனவர் வீட்டுக்குள் நுழைந்தார். கேஸ் தீர்ந்து நாலு நாள். சிலிண்டருக்குச் சொல்ல வேண்டிய எண் மாறிவிட்டது, புது எண் தாத்தாவிடம் இல்லை. நாலு நாளும் பன்னும் வாழைப்பழமும். 'ஆச்சு' என்றது பொய்யில்லை.

கூலிக்கு ஆள், முதியோர் இல்லம்

இவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரவு பகல் கூடவே தங்கும் ஆளுக்கு நாங்கள் விசாரித்தவரை மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையவில்லை. நல்ல பென்ஷன் உள்ள வீட்டுக்குக் கட்டுப்படியாகும், மற்றவர்களுக்கு ஆகாது. விழுந்து இடுப்பு உடைந்தவருக்கு, சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொள்பவருக்கு இது தவிர்க்க முடியாதது, அங்கே யோசிக்க ஒன்றுமில்லை. ஆனால் வேலைக்கு வருகிற பெண் கடலூர்ப் பக்கத்துப் பிள்ளையாக இருக்கும். பாசமாகப் பார்த்துக்கொள்ளும், பிரெஞ்சுக் கடிதத்தைப் படிக்காது. அது அந்தப் பிள்ளையின் வேலையும் அல்ல.

இல்லங்களில், குறிப்பாகக் கன்னியாஸ்திரீகள் நடத்துகிற இடங்களில், சோறும் சுத்தமும் மருந்தும் ஒழுங்காகக் கிடைக்கும். மறதி முற்றி, அடுப்பை அணைக்க மறக்கிற நிலைக்கு வந்தவருக்கு வீட்டைவிட அதுதான் பத்திரம். ஒன்றை மட்டும் இல்லம் தேடுபவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்: அங்கே பிரெஞ்சு பேசுகிறவர் ஒருவராவது இருக்கிறாரா? மறதி நோய் வந்தவர்களில் பலருக்குப் பின்னால் கற்ற மொழி முதலில் நழுவும், சிறுவயது மொழி கடைசிவரை நிற்கும். சைகோனில் பிறந்து வளர்ந்த அம்மாவுக்குத் தண்ணீர் கேட்கிற வார்த்தை ஒருநாள் பிரெஞ்சில் மட்டும் வரலாம். பக்கத்தில் இருப்பவருக்கு அந்த ஒரு சொல்லாவது புரிய வேண்டும்.

பிரான்ஸுக்கே கூட்டிப்போய்விட்டால்?

மகன்களும் மகள்களும் கேட்கும் கேள்வி இது. அவர்கள் பாசத்தில் கேட்கிறார்கள், அதை யாரும் குறைத்துப் பேச வேண்டாம். விசா வேண்டாம், அம்மா பிரெஞ்சுக் குடிமகள். அங்கே போய் வசித்தால், வருமானம் குறைந்தவருக்கு அரசின் ஆதரவுத்தொகை வருமானத்தை நிரவி, தனியாளுக்கு மாதம் 1,000 யூரோவுக்குச் சற்று மேலே கொண்டுவரும். உடம்பு தளர்ந்தவர்களுக்கு வீட்டு உதவிக்கான தனிப் படி உண்டு. மருத்துவம் உண்டு. காகிதத்தில் பார்த்தால் இதைவிட நல்ல வழி இல்லை.

ஆனால் போய் இறங்குவது பாரிஸ் புறநகரில் நாலாவது மாடி. காலையில் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விடுவார்கள். மாலை ஆறு மணிவரை சுவரும் தொலைக்காட்சியும். நவம்பர் முதல் மார்ச் வரை ஜன்னல் திறப்பதில்லை. பிரெஞ்சு தெரிந்தும் பேச ஆள் கிடைக்காத தனிமை அங்கேயும் உண்டு. பாரிஸின் லா ஷப்பேல் பகுதியில் தமிழ்க் கடைகள் இருக்கின்றன, கோயில் இருக்கிறது, ஆனால் அங்கே போக இரண்டு ரயில் மாற வேண்டும். எனக்குத் தெரிந்த ஓர் அம்மா பதினாலு மாதம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தார். "அங்க என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடல. பாட்டி, அம்மா, மதாம். இங்க கீரைக்காரி கூட என் பேரச் சொல்லுவா" என்றார். அங்கே முதியோர் இல்லத்தில் சேர்ப்பதென்றால் மாதம் 2,000 யூரோவை எளிதில் தாண்டும், அதுவும் குடும்பத்தின் தலையில் விழும்.

போகக் கூடாது என்பது என் கருத்தல்ல. இங்கே கிடைக்காத சிகிச்சை தேவைப்பட்டால், அல்லது அம்மாவே மனதார ஆசைப்பட்டால் போகலாம். 70 வயதில் போகிறவர் அங்கே பழகிக்கொள்ளக்கூடும். 84-இல் வேரோடு பிடுங்கி நடுவது வேறு. இரண்டு மாதம் இருந்து பார்க்கட்டும், திரும்பும் டிக்கெட் கையில் இருக்கட்டும், இங்கே வீட்டை விற்றுவிடாதீர்கள். இதை மட்டும் அழுத்திச் சொல்வேன். வீட்டை விற்றுவிட்டுப் போனவர்களுக்குத் திரும்பும் வழி இல்லாமல் போனதைப் பார்த்திருக்கிறேன்.

வாசல் தட்டும் ஆள்

நாங்கள் தேர்ந்தெடுத்தது வீட்டுக்குப் போவதை. இதற்கு முன்மாதிரி பிரான்ஸிலேயே உண்டு. 1946-இல் பாரிஸில் ஆர்மான் மார்க்கிசே தொடங்கிய 'ஏழைகளின் சிறு சகோதரர்கள்' அமைப்பு தனிமையில் இருக்கும் முதியோரைத் தேடிப் போய்ப் பார்க்கிறது. 'ரொட்டிக்கு முன் பூ' என்பது அவர்களின் சொல். பசித்தவருக்கு ரொட்டி கொடுப்பார்கள், ஆனால் முதலில் பூவை நீட்டுவார்கள், ஏனென்றால் வந்திருப்பது விருந்தாளி. எங்கள் ஊரில் அந்தப் பூவின் இடத்தில் நான் வைப்பது காகிதத்தை. கடிதம் படித்துச் சொல்ல வருகிறேன் என்றால் எந்த அம்மாவும் கூச்சப்பட மாட்டார். உங்களுக்குத் துணையாக வருகிறேன் என்றால், "எனக்கென்ன குறை?" என்று கதவைச் சாத்திவிடுவார். காகிதம்தான் கதவைத் திறக்கும் சாவி. உள்ளே போன பிறகு காபி, பேச்சு, சமையலறையை ஒரு பார்வை, மருந்து டப்பாவை ஒரு பார்வை.

ஆகவே காகிதத்துக்கு ஒருவர், பேச்சுக்கு ஒருவர் என்று பிரிக்காதீர்கள். இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கட்டும். முகாம் நடத்துகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

கணக்கு இப்படி வந்தது. எட்டுப் பேர், ஆளுக்கு நாலு வீடு. ஒரு வாரம் இரண்டு வீடு, அடுத்த வாரம் மற்ற இரண்டு. போகாத வாரத்தில் போன். ஒரு வீட்டுக்கு ஒன்றரை மணி நேரம் என்றால் வாரத்துக்கு மூன்று மணி நேரம். இதற்கு மேல் ஏற்றினால் மூன்றாவது மாதம் ஆள் நின்றுவிடுவார். நின்றுபோவது போகாமல் இருந்ததைவிடக் கொடுமை, ஏனென்றால் அந்த அம்மா கிழமையைக் கணக்கு வைத்துக் காத்திருப்பார். ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டாவதாக ஒருவருக்கும் முகம் தெரிந்திருக்க வேண்டும். லிசேயின் பெரிய வகுப்புப் பிள்ளைகள் இந்த இரண்டாவது இடத்துக்கு மிகப் பொருத்தம். அவர்களின் பிரெஞ்சைக் கேட்டால் பெரியவர்களின் முகம் மலரும். முதல் இடம் மட்டும் வேண்டாம், பாக் முடிந்ததும் அவர்கள் விமானம் ஏறிவிடுவார்கள்.

இந்த வழியின் ஆபத்தையும் சொல்ல வேண்டும். தனியாக இருக்கும் முதியவர், பென்ஷன் பணம், வீட்டுக்குள் வரும் அந்நியர். நாங்கள் சில கட்டுப்பாடுகள் வைத்திருக்கிறோம். வங்கி அட்டையைத் தொடுவதில்லை, ரகசிய எண்ணைக் கேட்பதில்லை, பணம் எடுத்துத் தருவதில்லை, வீட்டுப் பத்திரத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை. அந்த வருகையில் படித்த கடிதங்களின் விவரத்தை அம்மாவின் சம்மதத்தோடு பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். எந்தப் பிள்ளைக்கு அனுப்பலாம் என்பதை அம்மாதான் சொல்வார். சில வீடுகளில் ஒரு பிள்ளைக்கும் வேண்டாம் என்கிறார்கள், அதையும் மதிக்கிறோம்.

பட்டியலைப் பற்றி ஒரு வார்த்தை. 2003 கோடையில் பிரான்ஸில் அடித்த வெப்ப அலையில் ஏறத்தாழ 15,000 பேர் இறந்தார்கள், அவர்களில் மிகப் பலர் முதியவர்கள். அதற்கு அடுத்த வருடம்தான் தனியாக வாழும் முதியோர் பெயர் கொடுத்துப் பதிந்துகொள்ளும் ஏடு ஒன்றை ஒவ்வொரு ஊராட்சியும் வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. நமக்கு வெப்பத்தைவிடப் புயல். 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புதுச்சேரிப் பக்கம் கரையேறியபோது ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. எங்கள் 31 வீட்டில் எது தரைதளம், எதில் தண்ணீர் ஏறும், யாரிடம் டார்ச் இல்லை என்பது அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. இன்றைக்குத் தெரியும். கான்சலேட்டுகள் ஊரைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அவசரத் தொடர்புக்குத் தன்னார்வலர் ஒருவரை வைக்கும் முறை ஒன்று உண்டு. கான்சலேட் பதிவேட்டில் முகவரியும் தொலைபேசி எண்ணும் சரியாக இருந்தால்தான் அதனால் பயன். எனவே முதல் வருகையிலேயே அதைச் சரிபார்த்துவிடுகிறோம்.

பிள்ளைகள் அனுப்பும் பணத்தைக் கூட்டத்துக்கான ஆட்டோவுக்கும், உருப்பெருக்கி விளக்குகளுக்கும், காரைக்காலுக்கு மாதம் ஒருமுறை இரண்டு பேர் போய்வரும் பஸ் செலவுக்கும் ஒதுக்கியிருக்கிறோம். மாகேக்கும் ஏனாமுக்கும் இப்போதைக்குப் போன்தான். அங்கே இருந்து ஒருவர் வாசல் தட்ட முன்வந்தால், அவருக்குக் கடிதம் படிக்கும் வேலையைப் போனிலேயே நாங்கள் செய்து தருவோம்.

வைசியாள் வீதிப் பெரியம்மாவின் பென்ஷன் பங்குனியில் நிலுவையோடு வந்தது. கடைக் கணக்கை அடைத்தார். வைகாசியில் கண்புரை அறுவை சிகிச்சை ஆனது. இப்போது மருந்துச் சீட்டின் பொடி எழுத்தைக்கூடப் படிக்கிறார். போன வியாழக்கிழமை நான் போனபோது மேஜைமேல் இரண்டு உறைகள் பிரிக்காமல் இருந்தன. "இதை நீங்களே படிச்சிருக்கலாமே பெரியம்மா?" என்றேன்.

"படிக்கலாம்" என்றார். "வியாழக்கிழமைக்குன்னு எடுத்து வச்சேன்."